கணினியில் வரையத் தொடங்குபவர் குறைந்த விலையில் எந்த டிராயிங் டேப்லெட்டை வாங்கலாம்?

கரிசல்மை:

நண்பர்களுக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக மையைத் தொட்டு வரையும் நிப் பேனாவில் கோட்டோவியம் வரைந்து வருகிறேன். சிறுவர் கதைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் வரைவதே என் பெரும்பான்மையான வேலை. இதுவரை தாளில் வரைந்ததைக் கடையில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி வந்தேன். ஸ்கேனில் மெல்லிய கோடுகள் அறுந்துபோகின்றன, தாளின் பழுப்பு பின்னணியில் தங்கிவிடுகிறது, குழந்தையின் கையைச் சற்றுத் தாழ்த்தி வரையுங்கள் என்று பதிப்பாசிரியர் கேட்டுவிட்டால் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கிறது. ஆகவே கணினியுடன் இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான டிராயிங் டேப்லெட் ஒன்றை வாங்கி, கணினியில் வரையப் பழகுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 15.6 அங்குலத் திரையும் 8 ஜிபி ரேமும் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி. டேப்லெட்டுக்காக 5,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். உண்மையிலேயே பயன் உண்டென்றால் 7,000 வரை போகலாம், அதற்கு மேல் இயலாது. கோவில்பட்டியில் இவற்றைக் கையில் எடுத்து வரைந்து பார்த்து வாங்கும்படியான கடை எனக்குத் தெரிந்து இல்லை. இணையத்தில்தான் வாங்க வேண்டும். விளம்பரங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. ஒன்றில் 2048 அழுத்த நிலைகள் என்றும் இன்னொன்றில் 8192 என்றும் போட்டிருக்கிறார்கள்; விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது நான்கு மடங்கு எண் கொண்டதை வாங்குவதுதானே முறை? சிறிய அளவு போதுமா, நடுத்தர அளவு வேண்டுமா? திரையில்லாத பலகையில் கையைப் பார்க்காமல் வரைவது நாற்பதைக் கடந்த எனக்குக் கைவருமா, அல்லது பொறுத்திருந்து பணம் சேர்த்துத் திரையுள்ளதையே வாங்க வேண்டுமா? தெரிந்தவர் ஒருவர் தாம் பயன்படுத்திய பழைய டேப்லெட்டை 1,500 ரூபாய்க்குத் தருவதாகவும் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீலக்கோடு:

வணக்கம் சகோதரி. அழுத்த நிலைகளிலிருந்து, அதாவது பேனாவை அழுத்தும் அளவைப் பலகை எத்தனை படிகளாகப் பிரித்தறிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குபவர்களின் கவனத்தை வீணாக இழுப்பது அந்த எண்தான். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 8 பிட் படத்தில் ஒரு நிறத்தின் அடர்த்திக்கு இருப்பவையே 256 படிகள்தாம். கோட்டின் தடிப்பை எடுத்துக்கொண்டாலும், 40 பிக்சல் அகலமுள்ள தூரிகையை 2048 நிலைகளால் கட்டுப்படுத்தும்போது, கோடு ஒரு பிக்சல் தடிப்பதற்குள் ஏறத்தாழ ஐம்பது நிலைகள் கடந்துவிடுகின்றன. அதற்கு மேல் பகுத்தாலும் கை அதை உணராது, கண்ணும் காணாது. உங்களைப் போல நிப் பேனாவில் கை பழகியவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேனா எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது? மயிரிழையாகத் தொடங்கி, தடித்து, மறுபடி மயிரிழையாக முடியும் கோடுதான் உங்கள் தொழிலின் உயிர். தொடக்க அழுத்தம் அதிகம் வேண்டும் பேனாவில் அந்த மயிரிழை வராது, கோடு திடீரென்று தோன்றித் திடீரென்று நின்றுவிடும். இந்த விவரத்தைப் பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. வாங்க நினைக்கும் மாடலின் காணொளி விமர்சனங்களில், பேச்சைக் கேட்பதைவிட, வரைபவர் வேகமாக இழுக்கும் கோடுகளின் வால் எப்படி முடிகிறது என்பதைப் பாருங்கள்.

எல்பிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடுகள்) என்று இன்னோர் எண் போடுவார்கள். 2540 எல்பிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் 100 இடங்களைப் பலகை பிரித்தறிகிறது என்று பொருள். 152 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய பலகையில் அது 15,200 புள்ளிகள் ஆகும். உங்கள் திரையின் அகலம் 1920 பிக்சலாக இருந்தால், ஒரு பிக்சலுக்கு எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. ஆகவே 5080 என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பணத்தைப் போட வேண்டிய இடம் அளவு. இந்தப் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளிக்கு நேராக அமைந்திருக்கிறது. எனவே பலகை திரையைவிட எத்தனை மடங்கு சிறியதோ, அத்தனை மடங்கு உங்கள் கையசைவு திரையில் பெருகும். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 345 மில்லிமீட்டர். 152 மில்லிமீட்டர் பலகையில் கை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு 2.3 மில்லிமீட்டர் நகரும். 216 மில்லிமீட்டர் பலகையில் அதே அசைவு 1.6 மில்லிமீட்டராகும். கையின் சிறு நடுக்கமும் இதே கணக்கில்தான் பெருகுகிறது. பின்னாளில் 24 அங்குல மானிட்டர் வாங்கி இணைத்தால் சிறிய பலகையில் இந்தப் பெருக்கம் மூன்றரை மடங்காகிவிடும்.

உங்கள் வரம்புக்குள் பார்க்கத் தக்கவை இவை. சிறிய அளவில் ஒன் பை வாகொம் வரிசையின் சிடிஎல்-472 இருக்கிறது. 152க்கு 95 மில்லிமீட்டர், 2048 நிலைகள், பலகையில் குறுக்குவழிப் பொத்தான்களே கிடையாது. ஹுயான் எச்640பி, காவ்மான் எஸ்620 இரண்டும் ஏறத்தாழ அதே அளவு. 8192 நிலைகள், முன்னதில் ஆறு பொத்தான்கள், பின்னதில் நான்கு. நடுத்தர அளவில் ஒன் பை வாகொம் சிடிஎல்-672 இருக்கிறது, 216க்கு 135 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாக 10 அங்குல அகலத்தில் எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வி2; அதில் எட்டுப் பொத்தான்களும், பேனாவின் சாய்வை உணரும் வசதியும் உண்டு. சாய்வு உணர்வு பென்சில் நிழலிடுவோருக்குப் பயன்படும். மைக்கோடு வரைபவருக்கு அது பெரிதாக வேண்டியதில்லை. மடிக்கணினியின் விசைப்பலகை இடக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பலகைப் பொத்தான்களும் அவ்வளவு முக்கியமல்ல. விலைகள் விற்பனைக் காலத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், இந்த நடுத்தர இரண்டில் எது உங்கள் 7,000க்குள் வருகிறதோ அதை வாங்குங்கள் என்பது என் கருத்து.

மையொற்றி:

நீலக்கோடு சொன்ன கணக்குகள் சரியானவை. ஆயினும் நடுத்தர அளவுதான் எல்லாருக்கும் என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மணிக்கட்டை ஊன்றி விரல்களால் வரைபவர்கள் உண்டு, முழங்கையிலிருந்து கையை வீசி வரைபவர்களும் உண்டு. முதல் வகையினர் சிறிய பலகையில், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பகுதி பகுதியாக வரைந்து, ஆண்டுக்கணக்கில் நல்ல வேலை செய்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். வாங்குவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். இரண்டு தாள்களில் 152க்கு 95, 216க்கு 135 மில்லிமீட்டர் அளவில் கட்டம் போட்டு, உங்கள் வழக்கமான பேனாவால், வழக்கமான வேகத்தில், அந்தக் கட்டங்களுக்குள் வரைந்து பாருங்கள். எந்தக் கட்டத்தின் விளிம்பு உங்கள் கோட்டைத் தடுக்கிறது என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரையுள்ளதற்காகக் காத்திருக்காதீர்கள். 12 அல்லது 13 அங்குலத் திரையுள்ள பலகைகள் உங்கள் வரம்பைப் போல் பன்மடங்கு விலை உள்ளவை. அவற்றுக்குத் தனி மின்னிணைப்பும் கேபிள்களும் வேண்டும், குனிந்து வரைவதால் கழுத்து வலியும் உண்டு. திரையில்லாத பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து வரையலாம் என்பதையும், வரைகின்ற கை படத்தை மறைப்பதில்லை என்பதையும் பழகிய பிறகே உணர்வீர்கள். கையைப் பார்க்காமல் வரைவது முதல் வாரத்தில் மனத்தைச் சோர்வடையச் செய்யும். அந்த வாரத்தில் படம் எதுவும் வரைய முயலாமல், திரையில் ஐந்துக்கு ஐந்தாகப் புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். ஒரு புள்ளியில் தொடங்கிய கோடு அடுத்த புள்ளியில் சரியாகப் போய் முடிகிறதா என்பதைக் கண் தானாகவே சரிபார்த்துக்கொண்டே இருக்கும். நேர்ப்புள்ளியில் நேர்க்கோடுகள் படிந்ததும், புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்துக்குப் போங்கள். பேனாவை எடுக்காமல் வளைத்துக்கொண்டு போக அதைவிட நல்ல பயிற்சி நான் அறிந்தவரை இல்லை. என்னிடம் பழக வந்தவர்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்றாம் வாரத்தில் அவர் கையைப் பற்றிய நினைவே இல்லாமல் வரைந்தார்.

பழைய டேப்லெட்டை வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய டேப்லெட் பேனாக்கள் பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. பலகைக்குள் விரித்திருக்கும் கம்பிச் சுருள்கள் அனுப்பும் மின்காந்த அலைக்குப் பேனாவின் உள்ளே இருக்கும் சுருள் ஒத்ததிர்ந்து மறுமொழி தர, அதிலிருந்து பலகை பேனாவின் இடத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. சில பழைய மாடல்களின் பேனாக்களோ மின்கலம் போட்டோ சார்ஜ் செய்தோ பயன்படுத்துபவை. அந்தப் பேனா பழுதானால் மாற்றுப் பேனா கிடைப்பது அரிது. ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் பலகையில் பெரும்பாலும் வேலை செய்யாது. தொடக்கத்தில் நானும் ஒருவரிடம் அப்படி ஒன்றை வாங்கி, நான்கே மாதத்தில் பேனா சார்ஜ் ஏறாமல் நின்றுபோக, பலகையை அலமாரியில் வைக்க வேண்டியதாயிற்று. மின்கலமில்லாத பேனாவாகவும், அந்த மாடலைக் கணினியோடு இயங்கச் செய்யும் மென்பொருளான டிரைவர் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு நிறுவனத்தின் தளத்தில் இருப்பதாகவும் இருந்தால் மட்டும் 1,500 ரூபாயைக் கொடுங்கள்.

கரிசல்மை:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய டேப்லெட்டைப் பற்றி விசாரித்தேன்; அதன் பேனா சார்ஜ் செய்யும் வகைதான் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளில் கட்டம் போட்டும் வரைந்து பார்த்தேன். முகங்களும் விரல்களும் சிறிய கட்டத்துக்குள் தடையின்றி வந்தன. ஆனால் ஆலமர விழுதுகளையும் சேலை மடிப்புகளையும் ஒரே இழுப்பில் வரைவது என் வழக்கம். அவை ஒவ்வொரு முறையும் விளிம்பில் போய் முட்டின. ஆகவே சிடிஎல்-672 வாங்கச் சொல்லியிருக்கிறேன். மென்பொருளுக்கென்று தனியாகச் செலவிட வழியில்லை. இந்த மடிக்கணினியில் எதைப் போடலாம், தொடக்கத்தில் என்னென்ன அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும் என்று யாராவது சொல்ல இயலுமா?

ஈரத்தூரிகை:

கிரிட்டாவைப் போடுங்கள். ஓவியத்துக்கென்றே உருவான கட்டற்ற மென்பொருள் அது. அதன் சொந்தத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலை போட்டிருப்பது அதே மென்பொருள்தான். அந்தப் பணம் அதன் உருவாக்கத்துக்கு உதவுகிறது, வசதி வரும்போது கொடுக்கலாம். மைக்கோட்டுக்கான தூரிகைகள் அதில் நிறைய உண்டு, அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையிலும் வரையலாம். 8 ஜிபி ரேம் உங்களுக்குத் தாராளமாகப் போதும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 தாள் என்பது 2480க்கு 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் முழுதும் நிறைந்த ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே திருத்தக்கூடிய பட அடுக்கு) சுமார் 35 எம்பி ஆகும். இருபது லேயர் வைத்தாலும் 700 எம்பிதான். செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ நினைவுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். உலாவியில் இருபது தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வரையாமல் இருந்தால் சரி.

டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். அந்தக் கணினியில் முன்பு வேறு டேப்லெட்டின் டிரைவர் இருந்தால், அதை முழுதும் நீக்கிக் கணினியை மறுபடி தொடங்கிய பிறகே புதியதைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போவதுண்டு. டிரைவர் சரியாக இருந்தும் கோடு தடிக்காமல் ஒரே சீராக விழுந்தால், கிரிட்டாவின் டேப்லெட் அமைப்புப் பக்கத்தில் பேனாவின் அழுத்தத்தைப் பெற விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கிரிட்டாவை மூடித் திறந்து பாருங்கள். அதே பக்கத்தில் அழுத்தத்துக்கான வளைகோடும் உண்டு. நிப் பேனாவில் பழகிய கை மென்மையாகவே அழுத்தும் என்பதால், வளைகோட்டின் நடுப்பகுதியைச் சற்று மேலே தூக்கினால் குறைந்த அழுத்தத்திலேயே கோடு தடிக்கும். பேனாவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் வட்டம் ஒன்று தோன்றி வலது கிளிக் ஆகும் வசதி விண்டோஸில் உண்டு; வரையும்போது அது பெருந்தொல்லை, அதை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பலகைக்கும் திரைக்கும் உள்ள அகல உயர விகிதம். உங்கள் பலகையின் விகிதம் 16க்கு 10. மடிக்கணினித் திரை பெரும்பாலும் 16க்கு 9. அப்படியே விட்டால் நீங்கள் கையால் சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது 11 விழுக்காடு பக்கவாட்டில் அகன்ற நீள்வட்டமாக விழும். பலர் இது தெரியாமல் மாதக்கணக்கில் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். டிரைவரில் விகிதத்தைப் பேணும் தேர்வு ஒன்று உண்டு. அதைப் போட்டால் பலகையின் அடியில் சுமார் 13 மில்லிமீட்டர் பயன்படாமல் போகும், ஆனால் வட்டம் வட்டமாகவே வரும்.

பலகையைத் திரைக்கு நேராக, அதன் அடிவிளிம்புக்கு இணையாக வையுங்கள். நோட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைப்பதுபோல் வைத்தால் கிடைக்கோடெல்லாம் சரிந்து விழும். பேனா அசையாதபோதும் திரையில் சுட்டி நடுங்கினால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மின்கலத்தில் ஓடும்போது நடுக்கம் நின்றால் தவறு டேப்லெட்டில் இல்லை.

வெண்தாள்:

தாமதமாக வருகிறேன், என்றாலும் இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கணினியே இல்லாதவர்கள் கைபேசிக்கென்று விற்கும் ரப்பர் முனை ஸ்டைலஸை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம். அது விரலுக்கு மாற்று, அவ்வளவே. அழுத்தத்தை அது உணராது. ஆண்ட்ராய்டு கைபேசியுடன் ஓடிஜி இணைப்பான் (யுஎஸ்பி கருவிகளைக் கைபேசியில் செருக உதவுவது) வழியாக இயங்கும் பென் டேப்லெட்டுகள் உண்டு. ஆனால் கைபேசியை நிமிர்த்தி வைத்து வரையும்போது பலகையின் ஒரு குறுகிய பகுதியே பயன்படும் மாடல்கள் பல. எங்கும் எடுத்துச் சென்று வரைய வேண்டும், செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்பவர்கள், 2020இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்ற, அழுத்தம் உணரும் பேனா பெட்டியிலேயே சேர்ந்து வருகிற கருவியைப் பார்க்கலாம். பேனாவைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவிகளை விலை ஒப்பிடும்போது, அந்தப் பேனாவின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கரிசல்மை:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் கோடு ஒரே தடிப்பாக விழுந்தது. கிரிட்டாவில் வின்டேப்புக்கு மாற்றியதும் சரியாயிற்று. விகித அமைப்பைச் செய்தபின் வட்டங்கள் வட்டமாக வருகின்றன. சார்ஜரைப் பற்றிய குறிப்புதான் பெரிதும் காப்பாற்றியது: சுட்டி நடுங்கியதைப் பார்த்துப் பலகையைத் திருப்பி அனுப்பவே நினைத்திருந்தேன், சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. இப்போது மின்கலத்தில்தான் வரைகிறேன்.

முதல் ஒன்பது நாள்களும் கோலம் மட்டுமே போட்டேன். நான்காம் நாள் அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு சிறுமியின் முகத்தை வரைந்து முடித்தபோது கையைப் பார்க்கவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்த வாரம் ஆறு படங்கள் கொண்ட ஒரு கதையை முழுதும் இதிலேயே வரைந்து அனுப்பினேன். நாயின் வாலை மேல்நோக்கி மாற்றச் சொன்னார்கள். வாலைத் தனி லேயரில் வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரே ஓர் ஐயம்: பேனாவின் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருக்கிறது. நான் அதிகமாக அழுத்துகிறேனா?

மையொற்றி:

மனம் நிறைந்தது சகோதரி. முனை தேய்வது இயல்புதான். ஒரே பிடியில் வரைந்தால் ஒரு பக்கம் சரியும். அவ்வப்போது பேனாவைச் சற்றுச் சுழற்றிப் பிடியுங்கள். முனை உளிபோல் கூர்மையாகிவிட்டாலோ, வெளியே தெரிவது 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பலகையில் கீறல் விழும். பிடிப்புக்காகப் பலகைமேல் தாளை ஒட்டி வரையும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது முனையை இன்னும் விரைவாகத் தின்றுவிடும். அழுத்தம் அதிகம் என்று தோன்றினால் ஈரத்தூரிகை சொன்ன வளைகோட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள்.